‘ஹாவ் பீன்’ பிழைகள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்துவது எப்படி

திருகோணமலையில், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களை நான் அடிக்கடி வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவற்றில் பாதிப் பிழைகள் ஆங்கிலம் தெரியாததால் வந்தவை அல்ல, தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வந்தவை. தமிழில் ஒழுங்காக நினைத்த வசனத்தை அப்படியே ஆங்கிலத்தில் இறக்குகிறார்கள். பல இடங்களில் அது சமாளித்துவிடும். ‘ஹாவ் பீன்’ வர வேண்டிய இடத்தில் மட்டும் சமாளிக்காது. வாசிப்பவர் வேறு ஏதோ விளங்கிக்கொள்வார், சில நேரம் வேலையே கைவிட்டுப் போய்விடும்.

அதனால் இதைக் காலங்களின் பெயர் சொல்லிப் பாடமாக எழுதவில்லை. உங்கள் வசனம் எங்கே இடிக்கிறதோ அந்த அறிகுறியைத் தேடிப் போங்கள். அதற்கு முன்னால் ஒரேயொரு பரிசோதனை. எந்த அறிகுறிக்கும் இது தேவைப்படும்.

முதலில் இதைச் செய்யுங்கள்

‘பீன்’ என்பது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்று நாம் படித்த அதே வினையின் மூன்றாம் வடிவம். அது தனியாக ஒரு வசனத்தைத் தாங்காது, முன்னால் ஹாவ் குடும்பத்தில் ஒன்று வேண்டும். ஐ, யூ, வீ, தே என்றால் ஹாவ். ஹீ, ஷீ, இட், அல்லது ஓர் ஆளின் பெயர் என்றால் ஹாஸ். பழைய சம்பவம் ஒன்றுக்கும் முந்தியதைச் சொல்வதென்றால் எல்லாருக்கும் ஹாட். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும்.

கவனம் தவறுவது பீனுக்குப் பின்னால் வருகிற சொல்லில்தான். பொருளைத் தீர்மானிப்பது அந்தச் சொல். ‘ஐ ஹாவ் பீன் வெய்ட்டிங்’ என்று இங் முடிவோடு வந்தால், முன்பே தொடங்கி இப்போதும் காத்துக்கொண்டிருக்கிறேன், அல்லது இப்போதுதான் காத்து முடித்தேன். ‘ஐ ஹாவ் பீன் செலெக்டட்’ என்று மூன்றாம் வடிவம் வந்தால், என்னை வேறு யாரோ தெரிவு செய்திருக்கிறார்கள். ‘ஐ ஹாவ் பீன் சிக்’ அல்லது ‘ஐ ஹாவ் பீன் அ குக்’ என்றால் அது என் நிலை, என் தொழில். ‘ஐ ஹாவ் பீன் டு மூதூர்’ என்றால் மூதூருக்குப் போய் வந்திருக்கிறேன்.

ஆகவே ஒரு பென்சிலை எடுங்கள். பீனுக்கு அடுத்த சொல்லின் கீழ் கோடு போடுங்கள். வசனத்தில் நேரம் சொல்லும் சொல் ஏதாவது இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். இனிப் பார்க்கப்போகும் பிழைகள் எல்லாம் இந்தக் கோட்டிலோ அந்த வட்டத்திலோ அகப்படும்.

அறிகுறி: ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்று வருகிறது

இதுதான் எங்கள் ஊரின் முதன்மைப் பிழை. ‘நான் 2019இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்பது தமிழில் முழுக்கச் சரி. ‘செய்கிறேன்’ என்ற ஒரே நிகழ்காலம் அன்றைக்குத் தொடங்கியதையும் இன்றைக்கு நடப்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘ஆம் வேர்க்கிங்’ அப்படிச் செய்யாது. அது இந்த நேரத்தை மட்டும் தொடும், 2019 வரைக்கும் பின்னால் எட்டாது. எட்டுவதற்கு ஹாவ் பீன் வேண்டும்: ‘ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’.

சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். அந்தக் காரியம் இன்னும் நடக்கிறதா? எப்போது தொடங்கியது அல்லது எவ்வளவு காலம் என்று வசனத்தில் சொல்லியிருக்கிறீர்களா? இரண்டு கேள்விக்கும் பதில் ஓம் என்றால், ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ எது இருந்தாலும் அதை வெட்டிவிட்டு ஹாவ் பீன் அல்லது ஹாஸ் பீன் போடுங்கள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர்’ என்பதே சரி, அதைத் தொட வேண்டாம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு பிழை ‘சின்ஸ் த்ரீ மன்த்ஸ்’. இதற்குத் தமிழே வழி காட்டும். தமிழில் நினைக்கும்போது ‘இலிருந்து’ வந்தால் சின்ஸ்: மார்ச்சிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, ஓ லெவல் முடிந்ததிலிருந்து. ‘ஆக’ வந்தால் ஃபோர்: மூன்று மாதமாக, இரண்டு கிழமையாக, கனகாலமாக. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சின்ஸ், ஃபோர் குழப்பம் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

சுற்றுலாப் பயணிகளோடு கதைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘பிஜன் ஐலண்ட் பிகேம் அ நேஷனல் பார்க் இன் 2003’ என்றால் அது நடந்த ஆண்டைச் சொல்கிறீர்கள். ‘பிஜன் ஐலண்ட் ஹாஸ் பீன் அ நேஷனல் பார்க் சின்ஸ் 2003’ என்றால் அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். பவளப்பாறையை மிதிக்காதீர்கள், உடைத்து எடுக்காதீர்கள் என்று அடுத்ததாகச் சொல்லப்போகிற வழிகாட்டிக்கு இரண்டாவதுதான் பொருத்தம், ஏனென்றால் அந்தச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி கேட்கும்போது இந்தப் பிழை இன்னும் தொல்லை தரும். ‘எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்?’ என்று விருந்தினரைக் கேட்க நினைத்து, ‘ஹவ் லோங் ஆர் யூ ஹியர்?’ என்று கேட்கிறார்கள். வந்தவர் ‘அன்டில் சண்டே’ என்று பதில் சொல்கிறார். கேட்டவர் வந்த நாளைக் கேட்டார், பதில் போகும் நாளைப் பற்றியது. யாரும் காதில் பிழையாக வாங்கவில்லை. ‘ஆர் யூ ஹியர்’ என்றால் மொத்தமாக எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்றே ஆங்கிலக் காதில் விழும். வந்து எத்தனை நாள் என்று கேட்க, ‘ஹவ் லோங் ஹாவ் யூ பீன் ஹியர்?’

அறிகுறி: ஹாவ் பீன் போட்டும் வசனம் இடிக்கிறது

மேலே சொன்னபடி திருத்திய பிறகும், ‘ஐ ஹாவ் பீன் நோயிங் ஹிம் ஃபோர் டென் இயர்ஸ்’ போன்ற வசனங்கள் வரும். இங்கே பிழை இங் முடிவில் இருக்கிறது. அறிதல், விரும்புதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற வினைகள் செயல் அல்ல, நிலை. அவற்றுக்கு வழமையாக இங் ஒட்டாது. ‘ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபோர் டென் இயர்ஸ்’ என்று பீனை எடுத்துவிட்டு மூன்றாம் வடிவம் போடுங்கள்.

லீவுக் கடிதத்தில் அடிக்கடி வரும் காய்ச்சலும் இதே வகை. ‘ஐ ஆம் ஹாவிங் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே’ என்று எழுதுகிறார்கள். ‘ஐ ஹாவ் ஹாட் அ ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே’ என்பது சரி. ஹாவ், ஹாட் இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முதலாவது உதவி வினை, இரண்டாவது ‘இருக்கிறது’ என்ற பொருளில் வரும் வினையின் மூன்றாம் வடிவம். அது கையில் வராவிட்டால் ‘ஐ ஹாவ் பீன் சிக் சின்ஸ் யெஸ்டர்டே’ என்று எழுதிவிட்டுப் போகலாம், அதுவும் அழகான ஆங்கிலம்தான்.

வாழ்தல், வேலை செய்தல், படிப்பித்தல் மாதிரி நீண்ட காலம் ஓடும் வினைகளில் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் உவர்மலை ஃபோர் டென் இயர்ஸ்’, ‘ஐ ஹாவ் பீன் லிவிங் இன் உவர்மலை ஃபோர் டென் இயர்ஸ்’ இரண்டும் சரி. இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் முடியக்கூடிய வேலைகளில் வித்தியாசம் பெரிது. சல்லிக் கடற்கரையில் ஒருவர் தன் வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார் என்று வையுங்கள். அணியம் நீலமாகிவிட்டது, பின்பக்கம் இன்னும் பழைய வெள்ளை. விரல் இடுக்கெல்லாம் நீலம், மணலில் பேணி கவிழாமல் பாதி புதைத்து வைத்திருக்கிறார். ‘ஏன் கை இப்படி?’ என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டியது ‘ஐ ஹாவ் பீன் பெயின்டிங் த போட்’. வேலை முடிந்ததா இல்லையா என்று அந்த வசனம் சொல்லாது, இவ்வளவு நேரமும் அதில்தான் இருந்தேன் என்று சொல்லும். பின்பக்கமும் நீலமாகி, ‘பார், முடித்துவிட்டேன்’ என்று காட்டும்போது ‘ஐ ஹாவ் பெயின்டட் த போட்’. முதலாவது கை நீலமாக இருப்பதற்குக் காரணம் சொல்கிறது, இரண்டாவது முடிந்த வள்ளத்தைக் காட்டுகிறது. களைப்பு, வியர்வை, அழுக்கு, சிவந்த கண் இவற்றுக்குக் காரணம் சொல்லும்போதெல்லாம் பீன் இங் வரும். எத்தனை, எவ்வளவு என்று கணக்குச் சொல்லும்போது பீன் போய்விடும்: ‘ஐ ஹாவ் க்ளீன்ட் சிக்ஸ் ரூம்ஸ்’.

அறிகுறி: ‘யெஸ்டர்டே’, ‘இன் 2015’ பக்கத்தில் ஹாவ் பீன் நிற்கிறது

வட்டம் போட்ட சொல்லைப் பாருங்கள். நேற்று, போன கிழமை, 1957இல், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது: இவை முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் காட்டும் சொற்கள். முன்னால் சின்ஸ் இல்லாமல் வந்தால் அவற்றோடு ஹாவ் பீன் சேராது. ‘ஐ ஹாவ் பீன் டு கொழும்பு யெஸ்டர்டே’ பிழை, ‘ஐ வென்ட் டு கொழும்பு யெஸ்டர்டே’ சரி. நேரத்தை மறைத்துவிட்டால் ஹாவ் பீன் திரும்பி வரலாம்: ‘ஐ ஹாவ் பீன் டு கொழும்பு’.

எங்கள் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லும்போது இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு போட்டன. அதற்கு ‘ட்ரிங்கோமலி வாஸ் பொம்ப்ட் இன் 1942’. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதற்கும் ‘வாஸ் ஹாண்டட் ஓவர்’. இரண்டிலும் ஆண்டு இருக்கிறது, ஆகவே வாஸ். கோணேசர் கோயிலுக்கு வந்தால் இரண்டு வடிவமும் வேண்டும். போர்த்துக்கேயர் அதை 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், ‘த டெம்பிள் வாஸ் டிஸ்ட்ரோய்ட்’. ஆனால் இன்றைக்கு மலை உச்சியில் கோயில் நிற்கிறது, நீங்கள் அதன் வாசலில் நின்றுதான் கதை சொல்கிறீர்கள், ‘இட் ஹாஸ் பீன் ரீபில்ட்’. இடித்தது நூற்றாண்டோடு முடிந்தது, கட்டியது கண்முன்னால் இருக்கிறது. கோயிலைக் காட்டிக் கதை சொல்பவர்கள் இந்த இரண்டு வசனத்தையும் ஒன்றாகப் பாடமாக்கி வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பக் கடிதத்தில் இந்தப் பிழை பணத்தில் அடிக்கும். முன்னைய வேலையைப் பற்றி ‘ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் அட் அ கெஸ்ட் ஹவுஸ் ஃப்ரொம் 2015 டு 2018’ என்று ஒருவர் எழுதினால், வாசிக்கும் முகாமையாளர் முதற்பாதியில் இவர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார், பிற்பாதியில் 2018இல் முடிந்தது என்று வரும்போது குழம்புவார். இருபது கடிதம் மேசையில் கிடக்கும்போது குழப்பமானதை யார் நின்று யோசிப்பார்கள்? ‘ஐ வேர்க்ட் அட் அ கெஸ்ட் ஹவுஸ் ஃப்ரொம் 2015 டு 2018’ என்று பழைய வேலைக்கும், ‘சின்ஸ் 2019 ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் அட் அ ரெஸ்டோரன்ட் இன் உப்புவெளி’ என்று இப்போதைய வேலைக்கும் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் இந்த இரண்டு வசனமும் சரியாக இருந்தால், எழுதியவருக்கு ஆங்கிலம் வரும் என்று வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.

அறிகுறி: ஆள் எங்கே என்று கேட்டவர் உங்கள் பதிலில் குழம்புகிறார்

வரவேற்பு மேசையில் நிற்கும் தம்பியிடம் விருந்தினர் ‘மேனேஜர் எங்கே?’ என்று கேட்கிறார். ‘ஹீ ஹாஸ் பீன் டு கன்னியா’ என்று பதில் வருகிறது. விருந்தினர் அங்கேயே நிற்கிறார், மேனேஜர் உள்ளே இருக்கிறார், கூப்பிடுவார்கள் என்று.

‘அவர் கன்னியாவுக்குப் போயிருக்கிறார்’ என்ற தமிழ் வசனத்துக்கு இரண்டு பொருள். இப்போது அங்கே இருக்கிறார், இங்கே இல்லை என்பது ஒன்று. வாழ்க்கையில் எப்போதோ போய்ப் பார்த்து வந்தவர் என்பது மற்றது. நாங்கள் சந்தர்ப்பத்தை வைத்து விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் கோன்: ‘ஹீ ஹாஸ் கோன் டு கன்னியா’. போய்த் திரும்பிவிட்டார் என்றால் பீன்: ‘ஹீ ஹாஸ் பீன் டு கன்னியா’. சோதனை சுலபம். தமிழில் ‘போய் வந்திருக்கிறார்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் பொருந்தினால் பீன், பொருந்தாவிட்டால் கோன்.

இதனால்தான் ‘ஐ ஹாவ் கோன் டு கன்னியா’ என்று ஒருவர் நேரில் நின்று சொன்னால் ஆங்கிலம் பேசுபவர் திகைப்பார். ஆள் இங்கே நிற்கிறார், வாய் அங்கே போய்விட்டேன் என்கிறது. தன் அனுபவத்தைச் சொல்லும்போது ‘ஐ ஹாவ் பீன் டு கன்னியா, ஐ ஹாவ் சீன் த செவன் வெல்ஸ்’ என்று சொல்ல வேண்டும்.

பீன் டு, பீன் இன் இரண்டும் ஒன்றல்ல. ‘ஐ ஹாவ் பீன் இன் ட்ரிங்கோ ஃபோர் டூ வீக்ஸ்’ என்கிறவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். ‘ஐ ஹாவ் பீன் டு ட்ரிங்கோ’ என்கிறவர் வேறெங்கோ இருந்து கதைக்கிறார். ஹியர், தேர் வந்தால் டு போடக்கூடாது: ‘ஹாவ் யூ பீன் ஹியர் பிஃபோர்?’ விருந்தினரை வரவேற்க இதைவிட நல்ல முதல் கேள்வி எனக்குத் தெரியாது, ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று, பிரித்தானியர்களின் பேச்சில் ‘ஹாஸ் த போஸ்ட்மேன் பீன்?’ என்று பீனோடு வசனம் முடிந்துவிடும். தபால்காரர் வந்துவிட்டுப் போய்விட்டாரா என்று அர்த்தம். ‘ஹாஸ் த க்ளீனர் பீன்?’ என்று அறையிலிருந்து ஒருவர் கேட்டால், மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று காத்திருக்க வேண்டாம், கேள்வி முடிந்துவிட்டது.

அறிகுறி: ‘ஹாவ் பீயிங்’ என்று எழுதியிருக்கிறது

காதால் கேட்டு எழுதுபவர்களிடம் வரும் பிழை. விரைவாகப் பேசும்போது பீன் குறுகி ‘பின்’ என்றும் கேட்கும், பீயிங் சுருங்கிப் பீன் மாதிரியும் கேட்கும். காதை நம்பாமல் முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். ஹாவ், ஹாஸ், ஹாட் இருந்தால் பீன். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் இருந்தால் பீயிங். விதிவிலக்குத் தேடி அலைய வேண்டாம், இந்த இடத்தில் விதி கெட்டியானது.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதை ஹோட்டலில் வேலை செய்பவர்கள் வடிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘யுவர் ரூம் இஸ் பீயிங் க்ளீன்ட்’ என்றால் இப்போது உள்ளே துப்புரவு நடக்கிறது, விருந்தினர் கீழே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ‘யுவர் ரூம் ஹாஸ் பீன் க்ளீன்ட்’ என்றால் முடிந்துவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு மேலே போகலாம். வெளியே வீதியில் கிரவல் கொட்டி ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்வரை ‘த ரோட் இஸ் பீயிங் ரிப்பேர்ட்’, ரோலர் போன பிறகு ‘த ரோட் ஹாஸ் பீன் ரிப்பேர்ட்’.

அறிகுறி: செய்தது யார் என்பது தலைகீழாகிவிட்டது

‘ஐ ஹாவ் இன்ஃபோர்ம்ட்’ என்றால் நான் அறிவித்தேன். ‘ஐ ஹாவ் பீன் இன்ஃபோர்ம்ட்’ என்றால் எனக்கு அறிவித்தார்கள். ஒரு பீன் விடுபட்டால் போதும், கடிதம் எதிர்த்திசையில் போய்விடும். ‘ஐ ஹாவ் டிரான்ஸ்ஃபர்ட் டு கிண்ணியா’ என்று அரச அலுவலகக் கடிதங்களில் பார்க்கிறோம். என்னை மாற்றினார்கள் என்பதால் ‘ஐ ஹாவ் பீன் டிரான்ஸ்ஃபர்ட்’ என்று வர வேண்டும். ‘த பில் ஹாஸ் பெய்ட்’ என்பதில் பில்லே எழுந்து போய்க் காசு கட்டியதாகிறது. ‘த பில் ஹாஸ் பீன் பெய்ட்’.

சோதிக்க, வசனத்தின் கடைசியில் ‘யாரால்?’ என்று கேளுங்கள். பதில் வேறு ஓர் ஆள் என்றால் பீன் வேண்டும். அப்புறம் மறுபக்கத்துப் பிழையும் உண்டு. ‘அன் அக்சிடென்ட் ஹாஸ் பீன் ஹாப்பென்ட்’ என்று தேவையில்லாமல் பீனைச் செருகுவார்கள். விபத்து நடந்தது யாரால் என்று கேட்கலாம், ஆனால் ‘நடத்தல்’ என்ற வினையை யாரும் இன்னொன்றின் மேல் செய்வதில்லை. நடத்தல், வருதல், இறத்தல், தோன்றுதல் போன்றவற்றுக்கு இந்தப் பீன் ஒருநாளும் வராது. ‘அன் அக்சிடென்ட் ஹாஸ் ஹாப்பென்ட்’ போதும்.

அறிகுறி: எல்லாப் பழைய கதையும் ‘ஹாட் பீன்’ ஆகிறது

‘போன வருசம் இந்தியாவுக்குப் போயிருந்தேன்’ என்று தமிழில் சொல்வது வழக்கம். போனேன் என்பதைவிடப் போயிருந்தேன் என்பதே காதுக்கு இதமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ‘லாஸ்ட் இயர் ஐ ஹாட் பீன் டு இந்தியா’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஹாட் வந்தவுடன் வாசிப்பவர் இன்னொரு சம்பவத்துக்காகக் காத்திருப்பார், எதற்கு முன்னால் என்று. அது வராவிட்டால் வசனம் அந்தரத்தில் நிற்கும். ‘லாஸ்ட் இயர் ஐ வென்ட் டு இந்தியா’ என்று எழுதுங்கள்.

ஹாட் பீன் தன் இடத்தில் வந்தால் அதற்கு நிகர் வேறில்லை. ‘ஹீ ஹாட் பீன் ஃபிஷிங் ஃபோர் தேர்ட்டி இயர்ஸ் வென் த சுனாமி கேம்’. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது, அதற்கு முந்திய முப்பது வருசமும் அவர் கடலில்தான் இருந்தார் என்று ஒரே வசனம் சொல்லிவிடுகிறது. பின்னால் நடந்த சம்பவம் ஒன்று, அதுவரை ஓடிவந்த காலம் ஒன்று. இந்த இரண்டும் உங்கள் கதையில் இருந்தால் மட்டும் ஹாட் பீன் போடுங்கள்.

அறிகுறி: மஸ்ட் ஹாவ் பீனா, ஷுட் ஹாவ் பீனா?

‘அவர் நேற்று அங்கே இருந்திருக்க வேண்டும்.’ இந்த வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஓட்டோ வாசலில் நின்றது, விளக்கு எரிந்தது, அதனால் அவர் அங்கே இருந்தார் என்று ஊகிக்கிறீர்கள் என்றும் எடுக்கலாம். வருவதாகச் சொன்னவர் வரவில்லை, வந்திருக்க வேண்டியவர் என்று குறைப்படுகிறீர்கள் என்றும் எடுக்கலாம். தமிழில் குரல்தான் பிரித்துக் காட்டும். கடிதத்தில் குரல் இல்லை.

ஆங்கிலத்தில் ஊகத்துக்கு மஸ்ட்: ‘ஹீ மஸ்ட் ஹாவ் பீன் தேர்’, அதாவது இருந்தார் என்று நம்புகிறேன். குறைக்கு ஷுட்: ‘ஹீ ஷுட் ஹாவ் பீன் தேர்’, அதாவது அநேகமாக இருக்கவில்லை. மேலதிகாரிக்கு எழுதும் முறைப்பாட்டில் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டால், கடமையில் நின்றவர் நிற்காதவர் ஆகிவிடுவார். இன்னொருவரின் வேலையைத் தொடும் விசயம் என்பதால், இந்த இடத்தில் இரண்டு தரம் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மைட் ஹாவ் பீன்’ இருந்திருக்கலாம், தெரியாது. ‘குட் ஹாவ் பீன்’ இருந்திருக்கலாம், அல்லது இருந்திருக்க முடியும், ஆனால் நடக்கவில்லை. ‘இட் குட் ஹாவ் பீன் வேர்ஸ்’ என்று விபத்தில் தப்பியவரிடம் சொல்வார்கள், இதைவிட மோசமாகியிருக்கலாம் என்று. ‘வுட் ஹாவ் பீன்’ இன்னொன்று நடந்திருந்தால் இப்படி இருந்திருக்கும். ‘கான்ட் ஹாவ் பீன்’ இருந்திருக்கவே முடியாது.

இவற்றில் இரண்டு எழுத்துப் பிழைகள் வரும். ‘ஷீ மஸ்ட் ஹாஸ் பீன்’ என்று ஷீயைப் பார்த்து ஹாஸ் போடுவது ஒன்று. மஸ்ட், ஷுட், மைட், குட், வுட் எதற்குப் பின்னாலும் யாராக இருந்தாலும் ஹாவ் மட்டுமே வரும். காதில் ‘குடவ் பீன்’ என்று விழுவதைக் ‘குட் ஒஃப் பீன்’ என்று எழுதுவது மற்றது. அதை ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் எழுதுவார்கள், ஆனாலும் பிழைதான்.

அறிகுறி: ‘ஷீஸ் பீன்’, ‘ஐட் பீன்’ விளங்கவில்லை

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சுருக்கி எழுதுவார்கள். ‘ஷீஸ்’ என்பது ஷீ இஸ்ஸா, ஷீ ஹாஸா? அடுத்த சொல் பீன் என்றால் சந்தேகமே வேண்டாம், ஹாஸ். ‘ஐட்’ என்பதற்கு அடுத்ததாகப் பீன் வந்தால் ஐ ஹாட், ‘ஹாவ் பீன்’ என்று இரண்டு சொல்லும் வந்தால் ஐ வுட்.

அறிகுறி: கேள்வி ‘டு யூ ஹாவ் பீன்’ என்று வருகிறது

ஹாவ் இங்கே உதவி வினை, அதற்கு டு, டிட் என்ற இன்னோர் உதவி தேவையில்லை. ஹாவைத் தூக்கி முன்னால் வைத்தால் கேள்வி தயார்: ‘ஹாவ் யூ பீன் வெய்ட்டிங் லோங்?’ மறுப்புக்கு நொட் நடுவில்: ‘ஐ ஹாவ் நொட் பீன் டு யாழ்ப்பாணம்’. ஒருநாளும் இல்லை என்றால் நெவர்: ‘ஐ ஹாவ் நெவர் பீன் டு யாழ்ப்பாணம்’. சுருக்கமாகப் பதில் சொல்லும்போது பீனைச் சொல்லத் தேவையில்லை. ‘ஹாவ் யூ பீன் டு பிஜன் ஐலண்ட்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஹாவ்’, அல்லது ‘நோ, ஐ ஹாவன்ட்’. ‘யெஸ், ஐ டு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.